சிட்டுவுடன் கோத்தகிரி

ஜனவரி 3, 2025, வெள்ளி இரவு, கோவை

நாளை விடியற்காலை கோத்தகிரிக்குக் கிளம்புகிறோம். நான், அண்ணன், எங்கள் நாய் சிட்டு. காலையில் ஏறி, ஊரைச் சுற்றிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு.

சிட்டு சிப்பிப்பாறை. கோவில்பட்டிப் பக்கம் எங்கள் சித்தப்பா வீட்டில் பிறந்தவள். சந்தன நிறம், ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள். கரிசல் காட்டில் முயல் விரட்டுவதற்கென்றே வளர்த்த இனம். மே மாத வெயிலில் மொட்டை மாடியில் சுகமாகப் படுத்துக் கிடப்பாள். குளிர்தான் ஆகாது. உடம்பில் கொழுப்பும் இல்லை, மேலே அடர்ந்த முடியும் இல்லை. அதனால் அம்மா தன் பழைய கம்பளிச் சால்வையை வெட்டி, வயிற்றடியில் முடிச்சுப் போடுகிற மாதிரி நாடா வைத்து ஒரு சட்டை தைத்திருக்கிறார். போட்டுப் பார்த்தோம். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள், அப்புறம் பழகிவிட்டாள்.

ஊட்டிக்குப் போகலாமே என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். ஜனவரி முதல் வாரத்தில் ஊட்டி முழுக்க வண்டிகள்தான். தாவரவியல் பூங்கா, படகு இல்லம் என்று எங்கே போனாலும் கூட்டம். நாயை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது. கோத்தகிரி சின்ன ஊர். நடக்கலாம், நிற்கலாம், டீ குடிக்கலாம். எங்களுக்கு அது போதும்.

பையில் வைத்தவை: தடுப்பூசி அட்டை, இரண்டு கயிறுகள், பழைய போர்வை, தட்டு, எவர்சில்வர் தூக்கில் தண்ணீர், வேகவைத்த கோழி, தயிர்சோறு. நீலகிரிக்குள் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகக் கூடாது என்பதால்தான் தூக்கு.

ஜனவரி 4, சனி காலை, மேட்டுப்பாளையத்திலிருந்து அரவேணு வரை

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். மேட்டுப்பாளையம் தாண்டும் வரை இருட்டு. ஊருக்கு வெளியே இரண்டு பக்கமும் பாக்குத் தோப்புகள், அதற்கு அப்பால் மலை கறுப்பாகத் தெரிந்தது. அண்ணன் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினார். சிட்டு மூக்கை அதில் வைத்தவள்தான், எடுக்கவே இல்லை.

குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி இ-பாஸ் பார்த்தார்கள். போன வருடம் மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிகளுக்கு அது வேண்டும். பின் கதவைத் திறந்து பிளாஸ்டிக் தேடிய பெண்ணின் கண்ணில் முதலில் பட்டது சிட்டுதான். தேடுவதை நிறுத்திவிட்டு, "இதுக்குச் சட்டை யாருங்க தெச்சது?" என்று கேட்டார். அம்மா என்றேன். "நல்லா இருக்குங்க. ஆனா மேல கயித்த விட்றாதீங்க, ஊருக்குள்ளயே காட்டெருமை நிக்குது" என்றார். அந்த நாள் முழுக்க நாங்கள் கேட்ட எச்சரிக்கைகளில் இதுதான் முதல்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் சமவெளியிலிருந்து, கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,800 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடுகிறோம். குன்னூர்ப் பாதையைவிட இந்தப் பாதையில் வண்டிகள் குறைவு, வளைவுகளும் கொஞ்சம் இரக்கமுள்ளவை. அப்படியும் பாதி வழியில் சிட்டு வாயை நக்க ஆரம்பித்தாள். எச்சில் ஒழுகியது. அண்ணன் ஓரமாக நிறுத்துவதற்குள் போர்வை, இருக்கை, என் துப்பட்டா மூன்றும் நனைந்துவிட்டன.

துடைத்துக்கொண்டே மெதுவாக ஏறி அரவேணு பக்கம் வந்தபோது, சாலை ஓரத்து வீட்டு வாசலில் ஒரு அம்மா நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளைப் போர்வையை மேலே சுற்றியிருந்தார். நீலகிரியில் வாழும் படுகர் இனத்தவரின் வீடு. கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டேன். காரைப் பார்த்தார், சிட்டுவைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு வாளி வெந்நீரும் பழைய துணியும் கொண்டுவந்தார். "பச்சத் தண்ணி வேணாம் கண்ணு, கை மரத்துப் போயிரும்."

இருக்கையைக் கழுவி முடிக்கும் வரை கூடவே நின்றார். சிட்டு புல்லில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோழி கொடுக்கப் போனேன், தடுத்தார். "வயிறு பொரண்டு கெடக்கு. ஒரு மணி நேரம் ஒண்ணும் குடுக்காத. அப்புறம் கஞ்சி குடு." உள்ளேயிருந்து ஒரு சின்னத் தூக்கில் ராகிக் கஞ்சி வந்தது, உப்புப் போடாதது. தூக்கை எப்போது திருப்பித் தருவது என்று கேட்டேன். "சாயங்காலம் இந்த வழியாத்தானே எறங்குவீங்க?"

பணம் கொடுக்கலாமா என்று அண்ணன் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். அது கொடுக்கக் கூடாத இடம்.

சனி முற்பகல், கோத்தகிரி ஊருக்குள்

ஒன்பது மணிக்கும் மஞ்சள் வெயில்தான். வெயிலில் நின்றால் இதம், நிழலுக்குள் போனால் பல் கிட்டியது. ஊட்டிப் பள்ளங்களில் இந்த மாதம் புல்லின் மேல் உறைபனி படரும். கோத்தகிரியில் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் இங்கே காற்று ஈரமானது. வடகிழக்குப் பருவமழை இந்தப் பக்கச் சரிவில் நன்றாகப் பெய்துவிட்டுப் போயிருப்பதால் சுவரெல்லாம் பாசி.

பஸ் நிலையத்துக்கு மேலே உள்ள தெருவில் ஒரு டீக்கடை. டீ 15 ரூபாய், வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட் தனியாக. இரண்டும் சூடாக வந்தன. வர்க்கியை அப்படியே கடித்தால் பொரபொரவென்று உதிரும், டீயில் நனைத்தால் அடுக்கு அடுக்காகப் பிரியும். நான் இரண்டு விதமாகவும் தின்றேன். கடையின் பெஞ்சுக்கு அடியில் சாக்கு விரித்து ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. ஐந்து குட்டிகள், கறுப்பும் பழுப்புமாக. தாயைப் பார்த்துத்தான் நான் ஆச்சரியப்பட்டேன். கோவைத் தெருநாயின் இரண்டு மடங்கு முடி, குட்டையான கால், வால் நுனிவரை அடர்த்தி. இங்கே பார்த்த நாய்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. அவற்றுக்கு நடுவில் எங்கள் சிட்டு, சால்வைச் சட்டையோடு, எலும்பு தெரிய நின்றாள்.

கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "ஏங்க, இதுக்குச் சோறு போடறதில்லையா?"

இந்த இனமே இப்படித்தான் என்று அண்ணன் விளக்கினார். அவர் நம்பவில்லை. அவித்த முட்டை ஒன்றை உரித்துக் கொண்டுவந்து, "நான் குடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு நின்றார். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, சரி என்றேன். கேட்டுவிட்டுக் கொடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எத்தனையோ ஊர்களில் பிஸ்கட் பாக்கெட்டைக் கிழித்து எங்களைக் கேட்காமலே போட்டிருக்கிறார்கள். முட்டைக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அரைக் கிலோ வர்க்கி வாங்கிக்கொண்டோம்.

காமராஜர் சதுக்கம் பக்கம் காய்கறிக் கடைகளில் கேரட் இலையோடு கட்டுக் கட்டாக இருந்தது. மண் கழுவிய கேரட்டை ஒடித்தால் டக்கென்று சத்தம் வருகிறது. ஒரு கட்டு 30 ரூபாய். சிட்டு கேரட் தின்பாள் என்று சொன்னதும் விற்ற அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் முன்னாலேயே ஒரு துண்டு கொடுத்துக் காட்டினேன். அவள் தின்றதும் பக்கத்துக் கடைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டார். அடுத்த பத்து நிமிடம் நாங்கள் அங்கேதான் நின்றோம். எந்த ஊர், என்ன சாதி நாய், வேட்டைக்குப் போகுமா, பச்சைத் தேயிலை விலை உங்கள் ஊர்ப் பேப்பரில் வருமா என்றெல்லாம் பேச்சு போனது. தேயிலை விலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் எல்லார் குரலும் மாறியது. இந்த ஊரில் பாதிப் பேருக்குச் சின்னதாகவாவது ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. தொழிற்சாலை கொடுக்கிற விலை பறிகூலிக்கும் உரத்துக்கும் சரியாகப் போய்விடுகிறது. "கேரட் போட்டவன் ஒரு வருசம் ஜெயிப்பான், ஒரு வருசம் தோப்பான். இலை போட்டவன் தெனமும் கொஞ்சம் கொஞ்சமாத் தோக்கறான்" என்றார் ஒரு பெரியவர்.

அங்கிருந்து லாங்வுட் சோலைக்குப் போனோம். ஊரை ஒட்டியே இருக்கும் 116 ஹெக்டேர் சோலைக்காடு. கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு இதிலிருந்துதான் தண்ணீர் ஊறி வருகிறது. 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நாயோடு உள்ளே விடமாட்டார்கள் என்று முன்பே தெரியும், வாசல் வரை நடந்துவிட்டு வரலாம் என்றுதான் போனோம். அங்கே இருந்த வனக்காவலர், நாங்கள் கேட்காமலேயே காரணத்தை விளக்கினார். வீட்டு நாய்க்கு வரும் நோய்கள் காட்டில் செந்நாய்க்கும் தொற்றும். நமக்குச் சாதாரணமாகத் தெரிகிற காய்ச்சல், அங்கே ஒரு கூட்டத்தையே காலி செய்துவிடும். தடுப்பூசி போட்ட நாயானாலும் விதி விதிதான். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நாய் வளர்க்கிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பிள்ளை மேல் உள்ள பாசத்துக்காகக் காட்டுக்கு ஆபத்தைக் கொண்டுபோகக் கூடாது.

வாசலில் நின்றபடியே பார்த்தோம். உள்ளே பகலிலும் இருட்டு. மரங்கள் உயரமில்லை, ஆனால் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கிளைகளில் பாசி தொங்குகிறது. ஏதோ ஒரு பறவை விடாமல் கூவிக்கொண்டே இருந்தது. சிட்டு காதை நிமிர்த்திக்கொண்டு, இழுக்காமல் நின்றாள்.

சனி பிற்பகல், கோடநாடு

மதியச் சாப்பாடு ஒரு சின்ன மெஸ்ஸில். அளவுச் சாப்பாடு 100 ரூபாய். சாம்பாரில் மலை அவரை போட்டிருந்தார்கள், அதற்காகவே இரண்டாவது முறை சோறு வாங்கினேன். நாயை உள்ளே விட முடியாது என்று பணிவாகச் சொன்னார்கள். ஆனால் வாசல் திண்ணையில் இலை போட்டுத் தரட்டுமா என்று அவர்களே கேட்டார்கள். வெயில் படுகிற திண்ணை, சிட்டு காலடியில். உள்ளே உட்கார்ந்தவர்களைவிட எங்களுக்குத்தான் நல்ல இடம்.

கோடநாடு காட்சிமுனை 18 கிலோமீட்டர். வழி முழுக்கத் தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள். ஒரு திருப்பத்தில் அண்ணன் வண்டியை நிறுத்தினார். சிட்டு சிறுநீர் கழிக்க வேண்டும். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு தோட்டத்தை ஒட்டிய மண்பாதையில் இறங்கினேன். இருபது அடி போயிருப்பேன். அவள் உடம்பு முழுக்க விறைத்தது. அவள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். தேயிலைச் செடிகளுக்கு மேல் ஒரு கறுத்த முதுகு. அப்புறம் இன்னொன்று. நான்கு காட்டெருமைகள், முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி, செடிகளுக்கு இடையே மேய்ந்துகொண்டிருந்தன.

கண்ணால் பார்த்து விரட்டுகிற இனம் இவள். அசைகிற எதையும் துரத்தப் பிறந்தவள். என் கை நடுங்கியது. எங்கிருந்தோ ஒரு பெண் குரல் வந்தது, கத்தாமல், அழுத்தமாக: "கொரைக்க விடாதீங்க. மூஞ்சியத் திருப்புங்க. அப்படியே பின்னால வாங்க."

இலை பறிக்கிற ஒரு அக்கா. முதுகில் பையோடு பக்கத்துச் சரிவில் நின்றிருந்தார். அவர் சொன்னபடியே செய்தேன். சிட்டுவின் கண்ணைச் சால்வையால் மூடி, இடுப்போடு அணைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே அடியெடுத்து வைத்தேன். பெரிய எருமை தலையைத் தூக்கி ஒரு முறை மூச்சுவிட்டது. அந்தச் சத்தம் இவ்வளவு தூரம் கேட்டது. அவ்வளவுதான், திரும்பவும் மேய ஆரம்பித்துவிட்டது. கார் கதவைச் சாத்திய பிறகு அந்த அக்கா கையை ஆட்டினார். அவருக்கு நன்றி சொல்லக் கூட எனக்குக் குரல் வரவில்லை. தினமும் அந்த மிருகங்களுக்குப் பக்கத்தில் நின்றுதான் அவர்கள் இலை பறிக்கிறார்கள்.

கோடநாட்டில் வானம் தெளிவாக இருந்தது. மலை சட்டென்று அறுந்து, கீழே வெகு ஆழத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. காட்டுக்கு நடுவில் பச்சையும் பழுப்புமாகத் தெங்குமரஹடா கிராமத்தின் வயல்கள். தூரத்தில் பவானிசாகர் அணையின் நீர் வெள்ளைத் தகடாகத் தெரிந்தது. எதிரே ரங்கசாமி மலை. காற்று அங்கே கத்திபோல் அறுத்தது. சிட்டு என் கால்களுக்கு இடையில் புகுந்துகொண்டாள்.

குரங்குகள்தான் தொல்லை. வேகவைத்த சோளம் 40 ரூபாய்க்கு வாங்கி ஒரு கடி கடிப்பதற்குள் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது ஒன்று. சிட்டு அதைப் பார்த்துக் குரைக்க, ஒரு கூட்டமே கம்பி வேலியில் ஏறிப் பல்லைக் காட்டியது. காட்சிக் கோபுரத்தில் நான் ஏறவில்லை. அண்ணன் ஏறிப் படம் எடுத்துவந்தார். நாங்கள் இருவரும் காருக்குள் உட்கார்ந்து கேரட் தின்றோம்.

சனி மாலை, பனிமூட்டம்

நான்கரை மணிக்குத் திரும்பினோம். ஐந்துக்குக் கோத்தகிரியை நெருங்கும்போது பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி வந்தது. முதலில் மரங்கள் போயின, அப்புறம் எதிர் வண்டிகளின் விளக்கு, கடைசியில் சாலையின் வெள்ளைக் கோடும். அரவேணு வழியில் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. காய்கறி ஏற்றிய பிக்கப் வண்டிக்காரர் ஒருவர் எங்களை நிறுத்தச் சொல்லி, "கீழ இன்னும் மோசம். மலை வண்டி ஓட்டிப் பழக்கமில்லாதவங்க எறங்காதீங்க. காலைல பாத்துக்கலாம்" என்றார். அண்ணன் கோவைப் போக்குவரத்தில் நன்றாக ஓட்டுவார். மலையில் அப்படி இல்லை. நான் திரும்பலாம் என்றேன்.

விடுதி தேடினோம். முதல் இடத்தில் நாய் என்றதும் கதவு மூடிக்கொண்டது. இரண்டாவது இடத்தில் அறை 1,800 ரூபாய், ஆனால் நாய் காரிலேயே இருக்கட்டும் என்றார்கள். வெளியே அப்போதே 11 டிகிரி, ராத்திரி இன்னும் இறங்கும். சிறுத்தை நடமாட்டம் உள்ள ஊர். சிட்டுவைக் காரில் பூட்டிவிட்டு நான் கட்டிலில் படுக்க முடியாது. அவர்கள்மேல் தப்புச் சொல்ல முடியாது, விடுதிக்கு அதன் விதி. ஆனால் "நாய்தானே" என்று வரவேற்பில் இருந்தவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அப்போதுதான் தூக்கு நினைவுக்கு வந்தது. கொடுத்துவிட்டு அந்த அம்மாவிடமே நல்ல இடம் ஏதாவது கேட்கலாம் என்று ஆமை வேகத்தில் அரவேணு போனோம். வாசல் விளக்கு எரிந்தது. நாங்கள் வாய் திறப்பதற்கு முன்பே, "இந்த மூட்டத்துல எறங்கவா போறீங்க? உள்ள வாங்க" என்றார். நாய் இருக்கிறது என்றோம். "அதுவும்தான்."

வாசல் திண்ணை முழுக்க இரும்புக் கம்பிக் கதவு. காலையில் அதை நான் கவனிக்கவில்லை. சிட்டுவைத் திண்ணையில் கட்டவா என்று அண்ணன் கேட்டார். அந்த அம்மா வேகமாக மறுத்தார். "வேணாம். சமையக்கட்டுக்குக் கூட்டிட்டு வாங்க."

அடுப்படியில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னார். போன ஆடி மாதம் அந்தத் திண்ணையிலிருந்துதான் அவர்களுடைய நாயைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. ராத்திரி எட்டு மணிகூட ஆகவில்லை. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. ஒன்பது வருடம் வளர்த்த நாய். சங்கிலி மட்டும் கிடந்தது. அதற்குப் பிறகுதான் மகன் கம்பி போட்டிருக்கிறார். "சிறுத்தையச் சொல்லி என்ன கண்ணு? அதுக்கும் பசி. நான்தான் அன்னிக்கு உள்ள கட்டச் சொல்லி மகன்கிட்டக் கேக்கல." இதைச் சொல்லும்போது அவர் கை சிட்டுவின் முதுகில் இருந்தது.

கரடிக் கதைகளும் வந்தன. கோயிலில் விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடிக்கக் கதவை உடைத்தது, பேக்கரிக்குள் புகுந்து வெல்லத்தைத் தின்றது என்று அவர் மகன் வரிசையாகச் சொன்னார். பேரனுக்கு ஏழு வயது. சிட்டுவைவிட்டு நகரவே இல்லை. ராகிக் களி, அவரைக் குழம்பு, உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டோம். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று பேரன்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தான். குழம்பில் அவர்கள் வீட்டு மசாலாப் பொடி, வறுத்த மல்லியின் வாசனை தூக்கலாக இருந்தது. வெளிக் குளிரில் அந்தச் சூடு வயிற்றுக்குள் இறங்கியதும் என் பயமெல்லாம் போய்விட்டது.

ஜனவரி 5, ஞாயிறு, கன்னேரிமுக்கு வழியாகக் கீழே

காலை ஆறரைக்குப் போனில் 8 டிகிரி காட்டியது. சிட்டு ராத்திரி முழுக்க அடுப்புக்குப் பக்கத்தில், எங்கள் போர்வையும் அந்த வீட்டுச் சாக்கும் மேலே கிடக்க, அசையாமல் தூங்கியிருந்தாள். வெளியே மூட்டம் முழுக்க விலகி, தேயிலை இலை ஒவ்வொன்றின் மேலும் நீர்.

கிளம்பும்போது பேரன் வந்து பாட்டி முன்னால் தலை குனிந்தான். அவர் தலையில் கை வைத்து வாழ்த்தினார். படுகர் வீடுகளில் பெரியவர்களிடம் அப்படித்தான் வாழ்த்து வாங்குவார்கள். நானும் குனிந்தேன், அண்ணனும் குனிந்தார். பிறகு அவர் தானாகவே சிட்டுவின் தலையிலும் கை வைத்து அதே வார்த்தைகளைச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வர்க்கிப் பொட்டலத்தை அப்படியே பேரனிடம் கொடுத்தோம். அதற்குப் பதிலாகத் தோட்டத்து அவரை ஒரு பை நிறைய வந்தது.

"எறங்கி முடியற வரைக்கும் நாய்க்குத் தண்ணி தவிர ஒண்ணும் குடுக்காதீங்க" என்று மறுபடியும் நினைவூட்டினார்.

இறங்கும் முன்பு கன்னேரிமுக்கில் சல்லிவன் கட்டிய பங்களாவைப் பார்த்துவிடலாம் என்று அண்ணன் ஆசைப்பட்டார். ஜான் சல்லிவன் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தவர். 1819 ஜனவரியில், சமவெளியிலிருந்து இந்த மலைக்கு ஏறி வந்து, பிறகு இங்கேதான் தனக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டார். ஊட்டி பிற்பாடுதான். பெத்தக்கல் பங்களா என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். பாழாய்க் கிடந்ததைப் புதுப்பித்து இப்போது காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது திறக்கும் நேரம் ஆகவில்லை. வெளியிலிருந்தே சுற்றிப் பார்த்தோம். கலெக்டரின் வீடு என்று சொன்னால் நம்ப முடியாத அளவுக்கு அடக்கமான வீடு. சாலையே இல்லாத காலத்தில், இதே மார்கழிக் குளிரில், பல நாள் ஏறி வந்திருக்கிறார்கள். அந்தப் பயணத்தில் சுமை தூக்கியவர்களுக்கும் வழி காட்டியவர்களுக்கும் பெயர் இல்லையே என்ற எண்ணம் எனக்கு அங்கே நின்ற நேரம் முழுக்க இருந்தது.

சிட்டு வாசல் புல்வெளியில் முதல் தடவையாக ஓட ஆசைப்பட்டாள். நீளக் கயிற்றைக் கட்டி விட்டோம். பனி நனைந்த புல்லில் வட்டம் போட்டாள். சட்டையெல்லாம் ஈரம். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பெண்பிள்ளைகள் ஓடிவந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி தன் அம்மாவைக் கூப்பிட்டு, "இது மான் மாதிரி ஓடுது" என்றாள்.

இறங்கும்போது சிட்டு வாந்தி எடுக்கவில்லை. குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் வண்டிகள் நின்றிருந்தன. யானை என்றார்கள். கால் மணி நேரம் இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவரும் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தோம். எங்கள் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை, சாலையில் புதுச் சாணம் மட்டும் ஆவி பறக்கக் கிடந்தது. மேட்டுப்பாளையத்தில் இறங்கிக் கதவைத் திறந்ததும் முகத்தில் சூடு அடித்தது. சிட்டுவின் சட்டையைக் கழற்றினேன். ஒரு கடையின் முன்னால் வெயில் பட்ட சிமெண்ட் தரையில் நான்கு காலையும் நீட்டி அப்படியே படுத்துவிட்டாள். பத்து நிமிடம் அவளை எழுப்பவில்லை. நாங்கள் அங்கேயே இளநீர் குடித்தோம், ஒன்று 40 ரூபாய்.

ஜனவரி 6, திங்கள், கோவை

குளிப்பாட்டும்போது காதின் உள்மடிப்பில் இரண்டு உண்ணிகள், கால் விரலிடுக்கில் ஒன்று. புல்லில் ஓடியபோது ஏறியிருக்க வேண்டும். கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். எடுத்துவிட்டு ஒரு மருந்து போட்டார், மொத்தம் 450 ரூபாய். மலைக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே உண்ணி மருந்து போட்டுவிட வேண்டும், போய்வந்த பிறகு காதும் விரலிடுக்கும் பார்க்க வேண்டும் என்றார். நாய் வைத்திருக்கும் எல்லாருக்கும் சொல்கிறேன், இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாலையில் அரவேணுவுக்குப் போன் போட்டேன். வந்து சேர்ந்த கதையைக் கேட்பதற்கு முன்னால், "சிட்டு சாப்பிட்டாளா?" என்றார் அந்த அம்மா. அப்புறம் பேரன் ரெண்டு நாளாக நாய் வேண்டும் என்று அழுகிறான் என்றார். கோவில்பட்டியில் சித்தப்பாவிடம் குட்டி இருக்கிறது, கொண்டுவந்து தரட்டுமா என்று அண்ணன் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். போனில் ஒரு சிரிப்பு.

"அது இங்க தாங்காது தம்பி. பாத்தேனே."

பஸ் நிலையத்துக்கு மேலே டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஐந்து குட்டிகள் இருப்பதை அப்போதுதான் சொன்னேன். அடர்ந்த முடி, குட்டையான கால், நல்ல தாய். கடைக்காரர் எப்படியும் ஆட்களைத் தேடிக்கொண்டிருப்பார். அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கறுப்பா பழுப்பா என்று கேட்டார். இரண்டும் இருக்கிறது என்றேன். கண் திறந்திருக்கிறதா? திறந்திருக்கிறது. பெட்டையா, கடுவனா? அதை நான் பார்க்கவில்லை.

"சரி, புதன்கிழமை மகன் ரேஷன் வாங்க டவுனுக்குப் போறான். போய்ப் பாக்கச் சொல்றேன். ராத்திரிக்கு உள்ளதான் படுக்கணும், அதுக்கு அவன் ஒத்துக்கிட்டாத்தான்" என்றார்.